சர்வேயர் வாங்கிய காபி கிரைண்டர்

கீரமங்கலத்தில் குடியிருக்கும் சர்வேயர் ஆத்மநாதனுக்குத் தன் வேலையைப் பற்றி ஒரு பெருமை உண்டு. எந்த வயலில் இறங்கினாலும் பொழுது சாய்வதற்குள் எல்லைக்கல்லை ஊன்றிவிட்டுத்தான் வரப்பேறுவார். அப்பன் காலத்துச் சண்டை, பாட்டன் காலத்துச் சண்டை எதுவானாலும் அவர் முன்னால் ஒரு நாளைத் தாண்டாது. இழுத்தடிக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்தான் காபிக்கொட்டை அரைக்க ஒரு கிரைண்டர் வாங்கத் தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை திண்டாடினார். பிற்பாடு அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், “எனக்கு நானே வச்சுக்கிட்ட வினை” என்றுதான் ஆரம்பிப்பார்.

வினை தொடங்கிய இடம் பெங்களூர். மனைவி மணிமேகலையின் தம்பி எழிலரசன் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான் என்று இருவரும் போயிருந்தார்கள். மறுநாள் காலையில் எழிலரசன் கொஞ்சம் காபிக்கொட்டையைத் தராசில் வைத்து எடை பார்த்தான். உருளையாக டார்ச் லைட் போலிருந்த ஒன்றில் அதைக் கொட்டி, மேலே இருந்த கைப்பிடியைச் சுற்றினான். பொடி வந்தது. அதன்மேல் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் அக்கா புருஷனிடம் நீட்டினான்.

கசக்கப் போகிறது என்று முகத்தை முன்கூட்டியே தயார் செய்துகொண்டுதான் ஆத்மநாதன் குடித்தார். கசக்கவில்லை. ஏதோ பழம் அறுத்த இடத்தில் நிற்பது போல ஒரு வாசம் மூக்குக்குள் ஏறியது. தயார் செய்து வைத்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“மாப்ள, இது என்ன கொட்டை?”

“கொட்டை பாதிதான் மச்சான். அரைக்கிறது பாதி. குடிக்கப்போறப்பதான் அரைக்கணும். கடையில அரைச்சு வச்சிருக்கிறதெல்லாம் செத்த பொடி.”

செத்த பொடி என்ற சொல் அவர் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷமாகத் தினம் இரண்டு வேளை பிணத்தையா குடித்தோம் என்று யோசித்தபடியே ஊருக்குத் திரும்பினார். பையில் எழிலரசன் கொடுத்தனுப்பிய கொட்டைப் பொட்டலம் இருந்தது.

மணிமேகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். டீ குடிக்கிறவள். கணவர் பொட்டலத்தை அடுப்படி அலமாரியில் சாமி படம் மாதிரி நிறுத்தி வைப்பதைப் பார்த்துக் கேட்டாள்.

“இதை எதுல அரைப்பீங்க?”

“கிரைண்டர் வாங்கணும்.”

“நம்மகிட்ட ஒண்ணு கெடக்கே.”

“அது மாவாட்டுறது. இது வேற.”

“அப்ப மிக்சியில போடுங்க.”

மிக்சியில்தான் போட்டார். ஃபில்டரில் இறக்கிப் பால் ஊற்றிக் குடித்தபோது காபி அருமையாக இருந்தது. ஒரு வாரம் அருமையாகவே இருந்தது. அதன்பிறகு அவர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். தாடி வைத்த ஒருவர், மிக்சி கொட்டையை அரைப்பதே இல்லை, அடித்து நொறுக்குகிறது என்றார். பாதி தூசியாகவும் பாதி சரளையாகவும் போகும், தூசி கசக்கும், சரளை புளிக்கும் என்றார். ஆத்மநாதன் எழுந்து போய் டீ வடிகட்டியில் மிக்சிப் பொடியைச் சலித்துப் பார்த்தார். தாடிக்காரர் சொன்னது சரி. மறுநாளிலிருந்து அதே காபி கசக்கவும் செய்தது, புளிக்கவும் செய்தது. முந்தின நாள் வரை இந்த நாக்கு எங்கே போயிருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“சந்தைக்கிட்ட மில்லு இருக்கு. குடுத்தா நிமிஷத்துல அரைச்சுக் குடுத்துருவாங்க,” என்றாள் மணிமேகலை.

“மல்லி அரைக்கிற மில்லுலயா?”

பூர்வீக நிலத்தை விற்கச் சொன்னது போல அவளைப் பார்த்தார்.

நல்ல கிரைண்டர் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவானது. எது நல்லது என்பதில்தான் சிக்கல். கையால் சுற்றுவதா, கரண்டில் ஓடுவதா என்று முதலில் ஒரு கேள்வி இருந்தது. அதைத் தீர்க்கப் போனால் உள்ளே இருக்கும் பல் எஃகா பீங்கானா என்று இன்னொன்று முளைத்தது. அதையும் விசாரிக்கப் போனால் பல் கூம்பாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சியும் தட்டையாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சியும் உலகம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தன. ஆத்மநாதன் காலையில் கூம்புக் கட்சியிலும் மாலையில் தட்டைக் கட்சியிலும் இருந்தார். ஆயிரம் பேர் ஒரு கிரைண்டரைப் புகழ்ந்திருப்பார்கள். எங்கோ ஒரு ஆள், கைப்பிடி கழன்று வந்துவிட்டது என்று எழுதியிருப்பார். அவருக்கு அந்த ஒரு ஆள்தான் சொந்தக்காரர் மாதிரி தெரிவார். அத்தோடு அந்தக் கிரைண்டரின் கதை முடிந்தது. செல்போனில் ஆன்லைன் கடையின் கூடையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்ததில், கடையே அவருக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியது. இன்னும் யோசிக்கிறீர்களா என்று அது கேட்டது. யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கிடையில் மிச்சக் கொட்டை அலமாரியில் கிடந்தது. செத்த பொடி ஆக்க மனமில்லை. தினமும் காலையில் பொட்டலத்தைத் திறந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூடி வைப்பார். வாசம் குறைந்துகொண்டே வந்தது. நாள் தவறாமல் இவரே மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தால் அதுவும்தான் என்ன செய்யும். பங்குனியில் ஒரு நாள் திறந்தபோது அட்டைப்பெட்டி வாசம்தான் வந்தது. மணிமேகலை அந்தக் கொட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டுச் செருப்பு அலமாரியில் வைத்தாள். அங்கே வாடையைப் போக்க நன்றாக வேலை செய்தது.

சித்திரையில் சேந்தன்குடிப் பக்கம் ஒரு அளவை வந்தது. அடைக்கலம், வெள்ளைச்சாமி என்று இரண்டு பங்காளிகள். நடுவரப்பில் ஒரு பலாமரம். மரம் யார் பக்கம் என்பதில் பேச்சுவார்த்தை நின்று வெகு காலம் ஆகியிருந்தது. இருவரும் வரப்பின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஆத்மநாதன் ஜிபிஎஸ் கருவியை நட்டார். மரங்கள் அடர்ந்த இடம், சிக்னல் கிடைக்க நேரமாகும் போலிருந்தது. பலா நிழலில் உட்கார்ந்து, பாதியில் விட்ட வீடியோவைத் தொடர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தோள் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடைக்கலம்.

“என்ன சார் அது, அங்கிட்டும் இங்கிட்டும் சுத்துறான்?”

“காபிக்கொட்டை அரைக்கிற மெஷின்.”

“வாங்கப் போறீங்களா?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

இன்னொரு தோள் பக்கத்திலிருந்து வெள்ளைச்சாமியின் குரல் வந்தது. “எத்தனை நாளா பாக்குறீங்க?”

ஆத்மநாதன் பொய் சொல்லியிருக்கலாம். வயலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “தையிலேருந்து,” என்றார்.

அடைக்கலமும் வெள்ளைச்சாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள்.

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு,” என்றார் அடைக்கலம். “கையில சுத்துறதை வாங்குங்க. கரண்டை நம்பி நம்ம ஊர்ல காபி குடிக்க முடியுமா?”

“சார் நாளெல்லாம் வெயில்ல அலையிறவரு,” என்றார் வெள்ளைச்சாமி, சர்வேயரைப் பார்த்தபடியே. “காலையில எந்திரிச்சு ராட்டினம் சுத்தணும்னு சில பேரு சொல்றாங்க. கரண்டுல வாங்குங்க சார்.”

“சில பேருக்குக் கையி வளையாது சார். அதுக்காக மத்தவுகளையும் கெடுக்கக் கூடாது.”

“கையி வளையிறதைப் பத்தி யாரு பேசுறதுன்னு இல்லையா சார்.”

நடுவில் ஆத்மநாதன் செல்போனைப் பிடித்தபடி இருந்தார். கருவி எப்போதோ சிக்னல் பிடித்துக் கீச்சென்று சத்தம் கொடுத்திருந்தது. மூவரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததும் அவர் சட்டென்று எழுந்து வேலையைப் பார்த்தார். கோடு பலாமரத்தின் நடு அடியில் போனது. மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் ஊன்றி, காயை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை.

வண்டியை எடுக்கும்போது அடைக்கலம் பக்கத்தில் வந்தார்.

“எங்க மரத்துக்கு ஒரு காலைப் பொழுதுல கல்லு போட்டுட்டீங்க. ஒங்களுக்கு யாரு சார் கல்லு போடுறது?”

கேலியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அந்த மனிதர் உண்மையான கவலையோடு கேட்டார். அவருக்குப் பின்னால் வெள்ளைச்சாமியும் அதே கவலையோடு நின்றுகொண்டிருந்தார். முகம் பார்த்துப் பேசாத இரண்டு பங்காளிகள் தன்மேல் பரிதாபப்படுவதில் ஒற்றுமையாகிவிட்டதை ஆத்மநாதன் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

ஒரு மதகுக்கட்டை வந்ததும் நிறுத்தினார். செல்போனை எடுத்துக் கூடையைத் திறந்தார். கண்ணில் பட்ட ஒன்றை அழுத்திப் பணத்தையும் கட்டிவிட்டார். கையால் சுற்றுவது, எஃகுப் பல், கூம்பு. ஏன் அதை எடுத்தார் என்பதற்குப் பிறகு ஏழெட்டுக் காரணம் சொன்னார். உண்மையில் விரல் முதலில் பட்டது அதன்மேல்தான்.

கிரைண்டர் வந்தது. புதுக் கொட்டையும் வந்தது. முதல் நாள் காலை ஆத்மநாதன் குளித்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கிரைண்டரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுற்றினார். வீடியோக்காரர்கள் பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள். இவருக்கு மூச்சுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. சட்டை போடாத உடம்பில் வேர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு கணவர் எதையோ முறுக்குவதைப் பார்த்த மணிமேகலை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மாவு மாதிரி அரைச்சாத்தான் நல்லா எறங்கும்,” என்றார் அவர்.

மாவு மாதிரியே அரைத்துவிட்டார். வெந்நீர் ஃபில்டரின் மேல்தட்டில் குளம் போல நின்றது. கீழே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. கரண்டியால் தட்டினார். மூடியைத் திறந்து ஊதினார். ஆபீசுக்கு நேரமானது. மணிமேகலை ஒரு டம்ளர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அரை டம்ளர் டிகாஷன் இறங்கியிருந்தது. மறுநாள் பெரிசாக அரைத்தார். தண்ணீர் விழுந்த வேகத்திலேயே கீழே போய்ச் செம்மண் குட்டை நிறத்தில் நின்றது. நெருக்கியும் தளர்த்தியும் பார்த்து, ஒரு வழியாக அளவு பிடிபட்டபோது அவரது வலது தோளில் வலி நிரந்தரமாகக் குடிவந்திருந்தது. மணிமேகலை அதற்கு ஒரு களிம்பு கொண்டுவந்து தேய்த்துவிட்டாள்.

“டாக்டர்கிட்ட போயிருந்தா மூட்டை தூக்குனீங்களான்னு கேட்டிருப்பாரு. நல்லவேளை, நான் கூட்டிட்டுப் போகலை,” என்றாள்.

ஆனால் காபி நன்றாக இருந்தது. அதை மறுக்க முடியாது. காபி நன்றாக அமைந்ததும் ஆத்மநாதனின் பேச்சுத்தான் கெட்டுப்போனது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். நார்த்தங்காய் வாசம் வருகிறது என்பார். அடிநாக்கில் வெல்லப்பாகு நிற்கிறது என்பார். மணிமேகலைக்கும் ஒரு டம்ளர் கொடுத்து, “என்ன வாசம் வருது, சொல்லு,” என்பார்.

“காபி வாசம் வருது.”

“நல்லா கவனிச்சுப் பாரு.”

“கவனிச்சா பால் வாசமும் வருதுங்க.”

வைகாசியில் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். எழிலரசன் பெங்களூரிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கினான். பஸ்ஸில் ஏசிக் காற்று பட்டு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அக்கா ரசம் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுத் தூங்கினான். மறுநாள் விடிந்ததும் ஆத்மநாதன் தயாராக இருந்தார். குருவிடம் சீடன் கச்சேரி செய்து காட்டுகிற பதற்றம் அவருக்கு. எடை போட்டார், சுற்றினார், பெங்களூரில் பார்த்தது போலவே வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பாலில்லாமல் இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

எழிலரசன் ஒரு வாய் குடித்தான். புருவத்தைச் சுருக்கினான். இன்னொரு வாய் குடித்தான்.

“மச்சான், இதுல ஒரு காரம் இருக்கு.”

ஆத்மநாதனும் குடித்துப் பார்த்தார். இருந்தது. முதலில் தெரியாமல், விழுங்கிய பிறகு தொண்டையில் எழும் ஒரு காரம். இத்தனை நாளில் அவர் கண்டிராதது. ஒரு விநாடி தடுமாறினார். பிறகு, தெரியாது என்று சொல்ல வாய் வராமல், சொன்னார்.

“குடகுக் கொட்டை மாப்ள. அங்க காபித் தோட்டத்துல நிக்கிற மரத்துல எல்லாம் மிளகுக்கொடி ஏத்தி விட்டிருப்பாங்க. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. அது கொட்டைக்குள்ள எறங்கிருது.”

“அப்படியா மச்சான்.”

“நல்லா அரைச்சாத்தான் அது வெளியில வரும். மிக்சியில போட்டா வராது.”

அந்தக் கடைசி வரியை எங்கிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் சொல்லி முடித்தபோது முழுசாக நம்பினார். எழிலரசனும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். பெங்களூரில் இதை ஒரு தோட்டத்தின் பெயர் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள் என்றான். தொண்டைக்கும் இதமாக இருக்கிறது என்றான். இன்னொரு டம்ளர் போடச் சொன்னான். இரண்டாவதில் காரம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆற ஆற அப்படித்தான், முதல் சூட்டில்தான் அது எழும் என்று ஆத்மநாதன் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

மணிமேகலை டியூட்டிக்குக் கிளம்பித் தலையில் பூ வைத்துக்கொண்டே வந்தாள்.

“என்ன, நான் வந்ததுகூடத் தெரியாம ரெண்டு பேரும் கண்ணை மூடி உக்காந்திருக்கீங்க?”

“அக்கா, மச்சான் போட்ட காபியில மிளகு வாசம் வருதுக்கா. குடிச்சுப் பாரேன். மண்ணுலேருந்து வருதாம்.”

மணிமேகலையின் கை பூவோடு நின்றது.

“மண்ணுலேருந்து எங்கடா வருது. நேத்து சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தீங்கள்ல. ரசத்துக்கு மிளகு அரைக்கலாம்னா கரண்டு இல்லை. இவரு கிரைண்டர்ல போட்டுச் சுத்துனேன்.” கணவரைப் பார்த்தாள். “துணியை வச்சுத் தொடைச்சுட்டுத்தான் வச்சேன். என்னமா அரைக்குதுங்க. இத்தனை நாளா அதுல வெறும் காபிக்கொட்டையைப் போட்டு வச்சிருந்திருக்கீங்க.”

எழிலரசன் டம்ளருக்குள் பார்த்தான். ஆத்மநாதன் தன் டம்ளருக்குள் பார்த்தார். அதற்குள் ஒளிந்துகொள்ள இடமிருந்தால் ஒளிந்திருப்பார். ஒரே மண்ணு, ஒரே தண்ணி என்று தான் சொன்ன குரல் காதில் திரும்பக் கேட்டது. எவ்வளவு நிதானமான குரல். பட்டா வாசிக்கும்போதுகூட அவ்வளவு உறுதியாக வாசித்ததில்லை.

முதலில் எழிலரசனின் தோள் குலுங்கியது. பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஆத்மநாதன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“நல்லா அரைச்சாத்தான் வெளியில வரும்னு சொன்னீங்களே மச்சான்.”

“நீயும்தானே தலையாட்டுனே. தோட்டத்துப் பேரு போட்டு விக்கலாம்னே.”

“வித்திருப்பேன் மச்சான். நல்லவேளை அக்கா வந்துச்சு.”

பழைய பேப்பரை விரித்து இருவரும் கிரைண்டரைப் பிரித்தார்கள். பிரஷ்ஷால் தட்டினார்கள். பல்லிடுக்கில் கறுப்பாக ஒட்டியிருந்ததில் எது மிளகு, எது காபி என்று தெரியவில்லை. ஒரு பிடி அரிசி போட்டுச் சுற்றினால் சுத்தமாகும் என்றாள் மணிமேகலை. எழிலரசன் சுற்றினான். பழுப்பு நிறத்தில் மாவு வந்தது.

“பேசாம எனக்கும் ஒண்ணு வாங்கணும்,” என்றாள் அவள், கைப்பையை எடுத்தபடி. “மிளகு, சீரகம் அரைக்க வசதியா இருக்கும்.”

ஆத்மநாதன் நிமிர்ந்தார். “வாங்கலாம். ஆனா மிளகுக்குன்னா எஃகு சரிப்படாது, பீங்கான் பல்லாத்தான் இருக்கணும். இல்லைன்னா எண்ணெய் ஒட்டும். சீரகத்துக்கு அது ஒத்துவருமான்னு பாக்கணும். கண்ணாடி ஜாடி வச்சது ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு மூடி சரியில்லைன்னு ஒரு ஆளு எழுதியிருந்தாரு. எதுக்கும் ஒரு பத்து நாளு…”

சொல்லிக்கொண்டே செல்போனைத் தேடினார். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் போயிட்டு வாரேன்,” என்று மணிமேகலை படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் டியூட்டி முடிந்து வந்தபோது கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். கண்ணாடி ஜாடி, மேலே திருகும் மூடி, உள்ளே பீங்கான் பல். ஆத்மநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியை ஆட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

“எங்க வாங்குனே?”

“பஸ்ஸ்டாண்டுகிட்ட, பாத்திரக்கடையில.”

“எப்படி இதைத் தேர்ந்தெடுத்தே?”

மணிமேகலை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கடையில ஒண்ணுதான் இருந்துச்சு,” என்றாள்.

ஆத்மநாதன் அதை மேஜையில் வைத்தார். தன் வாழ்நாளில் யார்மீதும் அவருக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.